குருத்து காய்ந்த புல்

பிப்ரவரி 6, 1966. மான்குர்த், பம்பாய்

யானைப்புல்லில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து நிற்கிறது. பிடித்து இழுத்தால் கையோடு வருகிறது. அடியில் அழுகல் நாற்றம். தண்டைப் பிளந்தேன். உள்ளே புழு, சொகுசாக. நான் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்ததில் இவனுக்குக் குடித்தனமா?

பிப். 7

நயினார் அத்தான் தாராவியிலிருந்து வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன்; வீட்டுக்காரர் இறந்தபின் நிலக் குத்தகை இவர் பெயரில்தான். “இந்த அறுப்பும் போச்சுன்னா நெலத்தப் பழைய இரும்புக்காரனுக்கு விட்டுருவேன், பாத்துக்க.”

விட்டுத்தான் பாரும்! மனதுக்குள் சொன்னேன். வாயில் ஏன் வரவில்லை?

பிப். 9

தப்பு எங்களுடையதுதான். சீக்கிரம் தழையட்டும் என்று ஒரு சாண் கட்டை விட்டே அறுப்போம். இங்கே எல்லோரும் அப்படித்தான். புழு அந்தக் கட்டைக்குள் இருந்துகொண்டு அடுத்த தழைவைத் தின்கிறது. இன்று கிழக்குப் பாதியைத் தரையோடு அறுத்து, கட்டைகளை எரித்தேன். பக்கத்து வயல் சொரிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். “தூரே செத்துரும் தாயி.”

செத்தால் என் தூர். அவருக்கென்ன?

பிப். 11

கல்யாணில் ஒரு வளைகாப்பு. போய்விட்டு வந்தால் மேற்குப் பாதி முழுக்க மருந்து வாடை. அத்தான் எண்டிரின் பூச்சிமருந்து அடித்திருக்கிறார்! “அறுத்துத் தபேலா எருமைக்கு அனுப்பு. யாருக்குத் தெரியப் போவுது?”

தண்டுக்குள்ள கெடக்க புழுவுக்கு மேல அடிச்சு என்ன ஆகும்? எருமை தின்னும், அந்தப் பாலப் புள்ளைங்க குடிக்கும் — அனுப்ப மாட்டேன். ஒரு கட்டுகூட. இதுவும் மனதுக்குள்தான்.

பிப். 12

செம்பூர் போனேன். எருமைக் கொட்டிலான தபேலாவுக்குத் தீவனம் வாங்குகிற உதுமான் பாயிடம் நானே சொன்னேன்: “நான் சொல்லுத வரைக்கும் எங்க புல்ல எடுக்காதீங்க.”

“உங்க அத்தான் காலையிலயே ஒரு வண்டி அனுப்பிட்டாரேம்மா!”

காரணத்தைச் சொன்னதும் ஆளை ஓடவிட்டுத் தொட்டியிலிருந்து அள்ளச் சொன்னார். கொஞ்சம் தின்றாகிவிட்டதாம். அந்தப் பாலைக் கறந்து கீழே ஊற்றச் சொல்லிவிட்டார். வழியெல்லாம் எனக்கு அழுகை, ஆத்திரத்தில்.

பிப். 13

அத்தான் வாசலில் நின்று கத்தினார். “ஊர் சிரிக்க வச்சிட்டியேட்டி! நெலம் இந்த மாசத்தோட சரி.”

“எடுத்துக்கிடுங்க. மேக்குப் பாதியையும் அறுத்து எரிச்சப்புறம் எடுத்துக்கிடுங்க.”

வாயில் வந்தே விட்டது! சொன்னபடி எரித்தும் விட்டேன். சாப்பாடு நன்றாக இறங்கியது.

பிப். 26

கிழக்கே தூர் பச்சை காட்டுகிறது. சொரிமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மார்ச் 20

இரண்டு பாதியும் தழைத்துவிட்டது. தூருக்குத் தூர் குருத்தை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் கையோடு வரவில்லை. மாசம் முடிந்தும் இரும்புக்காரன் வரவில்லை. அத்தானும் என்னோடு பேசுவதில்லை.

இன்று அவர் மனைவி ஆவுடையம்மாள் அக்கா வந்தாள். வரப்பில் நின்று புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்: “அந்தப் புல்லு போன அன்னையிலருந்து எங்க வீட்டுல பாலே வாங்கல. புள்ளையளுக்குக் கடுங்காப்பிதான். இனி வாங்கலாமான்னு ஒங்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னாவ, ஒன் அத்தான்.”