காய்ச்சல் விட்ட காலை

பக்கத்து வீட்டில் வெனிவெல், அதுதான் மரமஞ்சள் கட்டை, கொதிக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் தொண்டைவரை அந்தக் கசப்பு வந்துவிட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பேற்றினால் பத்து வீட்டுக்கும் மணக்கும், உனக்குத் தெரியாததா, கூட்டாளி? நீ போய் மூன்று வருடமாகிறது. அதன்பிறகு அந்தக் கட்டையை நான் கையால் தொட்டதேயில்லை.

அந்த வருடம் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமெல்லாம் மூட்டு வீங்கும் காய்ச்சல். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் குனிந்தபடியே நடந்து வந்தார்கள். நான்தான் சிங்களக் கடையில் வெனிவெல் வாங்கி, கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டு, பானை பானையாகக் காய்ச்சி ஊற்றினேன். குடித்தவர்களுக்கு வீக்கம் வடிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ சும்மா இருப்பாயா? கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, "டாக்டரம்மா, எனக்கும் ஒரு ஊசி போடுங்க" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்துவாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டில் வலி இல்லை, கண்ணுக்குப் பின்னால்தான் வலிக்கிறது என்றாய். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அதே பானை, அதே கசாயம். நான்காம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தேன், உன் நெற்றி சில்லென்று இருந்தது. நான் துள்ளினேன். நீ சிரிக்கவில்லை.

"வயிறு ஒரு மாதிரி வலிக்குது புள்ள. கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போயி காட்டிட்டு வரவா?"

"காய்ச்சல்தான் விட்டுருச்சே, இனி எதுக்கு பஸ் ஏறி அலையிற? இன்னொரு டம்ளர் குடிச்சிட்டுப் படு."

நீ குடித்தாய். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாய். என்னை நம்பிக் குடித்தாய்.

மத்தியானம் நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது உன் கைகால் ஐஸாகக் கிடந்தது. ஈறில் இரத்தம். தோட்டத்து லொறியில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேகாலை வரை போனேன். அடுத்த நாளை நீ பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெனிவெல்லின் மஞ்சளில் வீக்கம் தணிக்கும் சத்து இருக்கிறதாம். அதைப் பிரித்தெடுத்து, காய்ச்சல் கிருமியை அடக்குமா என்றுகூட ஆராய்கிறார்களாம். ஆனால் உனக்கு வந்தது டெங்கு. அதில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து, அப்போதுதான் இரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும் என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மூன்று நாளாக அனலாய்க் கிடந்த மருமகளுக்கு இன்று காலையில் காய்ச்சல் விட்டுவிட்டதாம். மாமியார் குரலில் அப்படியொரு சந்தோஷம். "இன்னும் ஒரு டம்ளர் குடிச்சிரு, எல்லாம் சரியாயிரும்."

சேலையை மாற்றிக்கொண்டேன். கிறுக்கச்சி என்று சொன்னால் சொல்லட்டும். அந்தப் பிள்ளை உன்னைப்போலப் போகவா என்று என்னிடம் கேட்க வேண்டியதில்லை, நானே கூட்டிப்போகிறேன். கேகாலை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.