இரண்டு பக்கமும் இருட்டு

ஜூன் 9, திங்கள். பென்னாகரம்.
காலையிலிருந்து வெறும் காற்று. மழை இல்லை. அம்மாவைக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது. மாடு பக்கத்து வீட்டுப் பொறுப்பில்.

மத்தியானம் லேப்டாப்பில் ஆபீஸ் வேலை. எங்கள் குழு போடும் விண்வெளி நிலையத்தின் மின் வரைபடம், வியாழனன்று ஒப்புதல் கூட்டம். சோலார் தகடு, பேட்டரி எல்லாம் இரண்டிரண்டு. 'அ' பக்கம் பழுதானால் 'ஆ' பக்கம் தாங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. அது ஓடினால்தான் பேட்டரி மின்சாரம் வெளியே வரும். ஆனால் இரண்டு பெட்டியும் ஓடுவது 'அ' பக்க மின்சாரத்தில்! போன மாதத் திருத்தத்தில் இந்தப் பிழை நுழைந்திருக்கிறது. இல்லை, நான்தான் தப்பாகப் படிக்கிறேனா?

ஜூன் 10, செவ்வாய்
மறுபடி பார்த்தேன். அதேதான். 'அ' போனால் 'ஆ' பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நின்றுவிடும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

குழுத் தலைவர் குமரேசன் சாருக்கு போன். சிக்னலுக்காக மொட்டை மாடி. அந்தத் திருத்தம் அவர் போட்டதுதானாம். கூட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். குரலில் கோபமில்லை. அவசரம்.

சாரைத் தாண்டி ஒப்புதல் குழுவுக்கு நேராக எழுதலாமா என்று அம்மாவிடம் யோசனை கேட்டேன்.
"வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமா கண்ணு?"
தெரியாது என்றேன். இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

ஜூன் 11, புதன்
தூறல். ஒப்புதல் குழுவுக்கு மெயில் போட்டேன், சாருக்கும் நகல். பதில் இல்லை. சாரும் கூப்பிடவில்லை. போனை எடுப்பது, வைப்பது. சொட்டு மருந்தை மறந்தே போனேன், அம்மாதான் கேட்டாள். தக்காளி வாங்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்
சார் போன். மாதிரி அமைப்பில் 'அ' பக்கத்தை அணைத்துப் பார்த்தார்களாம்.
"ரெண்டு பக்கமும் போயிடுச்சும்மா. நீங்க சொன்னது சரிதான்."
கூட்டம் தள்ளிவைப்பு. இரண்டு பெட்டிக்கும் தனித்தனி மின்சாரம்; புது வரைபடம் நான்தான் போட வேண்டுமாம்.

அம்மாவிடம் வேலை இருக்கிறது என்று சொன்னேன். முகம் தெளிந்தது. எனக்குச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான்; நானும் தப்பு விடலாமே. சாரைத் திரும்ப அழைத்து, நான் போடுவதை யார் சரிபார்ப்பார்கள் என்று கேட்டேன்.
"நானே பாக்கிறேன். ஒரு கோடுகூட விடமாட்டேன்."
கோபமா, மரியாதையா, தெரியவில்லை. எதுவானாலும் பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.