எதை அணைத்தாய் என்று சொல்லாதே

அக்கா,

இன்று காலை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா, உன் பழைய போன் ஒன்றை என் கையில் கொடுத்தார். பின்பக்கம் நீ ஒட்டிய பிளாஸ்திரியில் 'பாலவனத்தம்' என்று உன் கையெழுத்து. "ஓடுதான்னு பாரு" என்றார். எனக்கு மனம் வரவில்லை.

நீ இதைப் போல மூன்று பழைய போன்களோடு நரிக்குடிக்கு வந்து இறங்கியபோது நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு வீட்டில் இருந்தேன். யாராவது பேர் கேட்டால்கூட அம்மா முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். "மேகத்துல கணக்குப் போடுற படிப்பாம்ல. அப்பிடியே ரெண்டு மழையையும் எறக்கிட்டுப் போத்தா" என்று என் அப்பா உன் 'கிளவுட் கம்ப்யூட்டிங்' படிப்பைக் கேலி செய்வார். நீ எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். ஒரு வேலையை ஒரே கம்ப்யூட்டரை நம்பி விடாமல் பலவற்றுக்குப் பிரித்துக் கொடுப்பது, ஒன்று நின்றாலும் மற்றவை விடாமல் பார்ப்பது. அதுதான் உன் ஆராய்ச்சி. உன் ஆய்வகத்தில் கரண்டே போகாதாம். இங்கே அடிக்கடி போகும். அதனால்தான் சோதித்துப் பார்க்க நம் ஊருக்கு வந்தாய்.

ஒரு போன் பாலவனத்தத்தில் அத்தை வீட்டில், ஒன்று பாளையம்பட்டியில் மாமா கடையில். மற்ற இரண்டுக்கும் வேலை சொல்லும் தலைமைப் போன் நம் வீட்டில். எனக்கு ஒரு வேலை கொடுத்தாய்.

"நெனச்ச நேரத்துக்குப் போய் எதையாச்சும் அமத்து. எதைன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத. சொன்னா நான் சுதாரிச்சிருவேன்."

அதுவரை எல்லோரும் என்னிடம் 'தொடாத, உடைச்சிருவ' என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பஸ் ஏறிப் போய் அணைப்பேன். "ஓடிக்கிட்டு இருக்குறத எதுக்குடி அமத்துற, கிறுக்கா?" என்பார் அத்தை. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவேன். ஒன்று நின்றால் இன்னொன்று அதன் வேலையையும் சேர்த்துச் செய்தது. உனக்கு ஒரே சந்தோஷம்.

உன் பேராசிரியர் வீடியோவில் பார்க்கப்போகும் நாள் நெருங்கியது. "இந்தத் தடவையும் ஆகலைன்னா படிப்ப மூட்ட கட்டு. மாப்பிள்ள வீட்டுக்கு இனி சாக்குச் சொல்ல முடியாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அன்றுதான் நீ திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"ஏ புள்ள, நம்ம வீட்டுப் போனை மட்டும் நீ ஒருதரம்கூட அமத்தலையே?"

"அது நின்னுட்டா எல்லாம் நின்னுபோகும்ல. ஒன்னையக் கெட்டிக் குடுத்துருவாகல்ல."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு, "எனக்கு நல்லது செய்யணும்னா இப்பப் போய் அமத்து" என்றாய்.

அணைத்தேன். மற்ற இரண்டும் யார் தலைமை என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டன. உன் முகம் சுண்டிப்போனது. என்னைத் திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள, ஸாரு முன்னால நிக்காம இன்னைக்கு நின்னுச்சு" என்றாய்.

பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்லி ஒரு வாரம் தள்ளி வாங்கினாய். தலைமை நின்றுபோனால் மற்றவற்றில் ஒன்று தானே தலைமையாகிக்கொள்ளும்படி அந்த வாரத்தில் மாற்றினாய். அந்த நாள் வந்ததும் அவருக்கு முன்னால் என்னைத்தான் அணைக்கச் சொன்னாய். வீட்டுப் போனை அணைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பாலவனத்தத்துப் போன் தலைமையை எடுத்துக்கொண்டது. பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நீ துள்ளியதைப் பார்த்து அவரும் கைதட்டினார். "தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று பேராசிரியர் கேட்டார். "எங்க சித்தப்பா மக, ஸார்" என்று என்னை இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினாய்.

பட்டம் வாங்கிய அடுத்த வருடமே ஒரு காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

நான் இப்போது அருப்புக்கோட்டையில் தையல் கம்பெனிக்குப் போகிறேன். தைத்த சட்டையை மடிப்பதற்கு முன் தோளைப் பிடித்து நன்றாக ஒரு இழு இழுப்பேன். போன வாரம் ஒரு சட்டையில் தையல் பிரிந்துவிட்டது. சூப்பர்வைசர் பாவம், லோடு ஏற்றும் அவசரத்தில் இருந்தார். நீ அன்று போன்களோடு வராதிருந்தால், அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பேசாமல் மடித்து வைத்திருப்பேன்.

"அண்ணே, இந்த நூல் நிக்காது."

"மத்த சட்டையெல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு?"

"இழுத்துப் பாத்தீகளா?" என்றேன். பக்கத்து மிஷின் அக்கா, யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தார்.