கடைசி அடிக்குப் பின் ஐந்து நிமிடம்

9.8.1994, செவ்வாய்

அண்ணன் பெங்களூரில் வாங்கித் தந்த கேசட்டில் யாரும் பாடுவதில்லை. நான்கு வெளிநாட்டுக்காரர்கள் மின்கருவிகளை மட்டும் வாசிக்கிறார்கள். அவர்கள் ஓசூரில் கச்சேரி செய்தால் எதை எப்போது வாசிக்க வேண்டும் என்று இன்று எழுதி முடித்தேன். கடைசியில் கருவிகள் ஒவ்வொன்றாக நின்று, ஓர் அடி மட்டும் விழ வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பட்டறையில் அண்ணன் ஓட்டும், தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் மாதிரி. பிறகு ஐந்து நிமிடம் அமைதி.

நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பியவனிடம் படித்துக் காட்டினேன்.

"உன் ஆளுங்க தூங்கி வழியறாங்க. நான் இப்ப டபுள் ஸ்பீடு" என்றான்.

இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மிஷின் இறங்கும். ஒரு பட்டனை சைக்கிள் ட்யூபால் கட்டிவிட்டானாம். காலியான அந்தக் கை மிஷினுக்கு அடியில் தகட்டை மாற்றுகிறதாம்.

"எல்லாரும் அப்படித்தான் ஓட்றோம். அம்மாகிட்ட ஊதிடாத."

நான் சொல்லவில்லை. அம்மா தூங்குகிறாள். ஜன்னலைத் திறந்து வைத்து மிஷினின் அடிகளை எண்ணிக்கொண்டே எழுதுகிறேன். கேசட்டைவிட வேகமாகத்தான் அடிக்கிறான்.

இப்போது நின்றுவிட்டது. டீ நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரோ ஓடுகிற சத்தம். தகடு தீர்ந்திருக்கும்.

ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அம்மாவை எழுப்பப் போகிறேன்.