நாற்பது மீட்டர்

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் காரியத்துக்கு வந்தும் உங்கள் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டேன். பேச முடியாததை எழுதுகிறேன்.

சித்திரையில் ஆபீசில் நம் ஊர் இருக்கும் வாழவந்தி நாட்டுக்கு மண்சரிவு அபாய வரைபடம் தயாரித்தபோது, செயற்கைக்கோள் படத்தில் நம் வீட்டுக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு தெரிந்தது. கம்ப்யூட்டர் போட்ட சிவப்புக் கோட்டுக்குள் நம் வீடும் இருந்தது. உடனே உங்களுக்குப் போன் செய்தேன்.

"ஊட்டைச் செவப்புல போட்டா காலி பண்ணச் சொல்லுவாங்க கண்ணு. மொளகுக் கொடியெல்லாம் உட்டுட்டு நாங்க எங்க போறது?" என்றீர்கள். "அவளைச் சங்கடப்படுத்தாதீங்க" என்று அண்ணி பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது.

கோட்டை நாற்பது மீட்டர் மேலே நகர்த்தினேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கோட்டுக்குள் இருந்த, நமக்கு மேலே உள்ள வீட்டுக்காரர்களை சோளக்காடு ஊருக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்தார்கள். உங்களை யாரும் கூப்பிடவில்லை. நீங்கள் சந்தையிலிருந்து திரும்புவதற்குள் அண்ணி இருந்த வீட்டின் மேல் மலை இறங்கிவிட்டது.

நம் வீடு விடுபட்டதை ஆபீசில் மென்பொருளின் பிழை என்று எழுதி முடிக்க இருந்தார்கள். நேற்று அதிகாரியிடம் இரண்டு வரைபடங்களையும் காட்டினேன். "யாராச்சும் சொல்லி மாத்துனியாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க சார், நானேதான்" என்றேன். இன்று முதல் எனக்கு வேலை இல்லை.

விசாரிக்க வருபவர்களிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டது நீங்கள்தான் என்று உள்ளுக்குள் குமையவும் வேண்டாம். அந்த வெடிப்பை நீங்கள் பார்க்கவில்லை அண்ணா. நான் பார்த்தேன்.

உங்கள் தங்கை