வயலில் கவிழ்த்த டின்கள்

கொத்தமங்கலம்
9-12-1975

அன்பு மகள் சொர்ணவல்லிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம், உன் உடம்பு எப்படியென்று பதிலின் முதல் வரியில் எழுது, மண்ணின் சுகத்தைப் பிறகு எழுதலாம்.

உன் ஆராய்ச்சி பிழைத்தது. ஒரு வருஷம் வீணாகிவிடுமோ என்று இனிப் பதற வேண்டாம். யூரியா போட்ட பாத்திகளில், மண்ணிலிருந்து கிளம்பும் வாயுவைப் பிடிக்க, குழாய் பற்றவைத்த தகர டின்களை நீ சொன்னபடி கவிழ்த்து வைத்தேன் அல்லவா, களையெடுக்க வந்த ராமுத்தாய் அதைப் பார்த்துவிட்டு வரப்பிலேயே நின்றுவிட்டாள். செய்வினைக்குத்தான் இப்படிக் கவுத்து வைப்பாக, எடுக்காம நாங்க இறங்க மாட்டோம் என்றாள். களை நின்றால் உரத்தை அதுவே தின்றுவிடும், உன் கணக்கு தப்பும். பாலிடெக்னிக் படித்தவன் ஆயிற்றே, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் மண்ணுக்குள் யூரியாவைத் தின்று மூச்சு விடுகின்றன என்று விளக்கினேன். அவளும் உடன் வந்த பெண்களும் கிளம்பியே விட்டார்கள். கத்தினேன், அது இன்னும் மோசம்.

நான்கு நாள் யாரும் வரவில்லை. பிறகு உன் அம்மா சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு போய், டின்களின் முதுகில் வெள்ளையடித்துக் கரும்புள்ளி குத்திவிட்டாள், கத்தரித் தோட்டத்துத் திருஷ்டிப் பானை மாதிரி. ராமுத்தாய் வந்து பார்த்தாள். கண்ணேறுக்குன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, மூச்சு விடுது பேச்சு விடுதுன்னுக்கிட்டு என்று என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் களை முடிந்தது. எனக்கும் அன்றுதான் சோறு இறங்கியது. சுண்ணாம்பு விழுந்தால் மண் மாறிவிடுமே என்று நீ கேட்பாய், குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டும் சேற்றில் இல்லை.

தண்ணீர் நிற்கும் பாத்தி, காயவிட்டுப் பாய்ச்சும் பாத்தி, இரண்டிலும் வாயு பிடித்த குப்பிகளை மெழுகால் அடைத்து உன் மாமா மகன் காளிதாஸிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். காயவிட்டுப் பாய்ச்சுவதில்தான் வாயு அதிகம் போகும், தொழுவுரம் விழுந்த இடத்தில் இன்னும் கூடும் என்பது என் கணிப்பு. சரியா தப்பா என்று உடனே எழுது, காத்திருக்க எனக்கு ஆகாது. ஆய்வுக்கூடமே கதியென்று கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடு.

நல்ல பெயரெடுத்து நிறைவாய் இரு தாயே, அம்மாவின் ஆசியும் இதோடு.

ஒன்று எழுத மறந்துவிட்டேன், அளவெடுத்து முடிந்ததும் டின்களைப் பஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருந்தாய். அறுப்பு முடியும்வரை கேட்காதே, ராமுத்தாய் எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
குழந்தைவேலு