தகரத் தட்டும் சர்க்கரை இல்லாத டீயும்

அன்பு மாப்ளே ஏழுமலை,

மேலே போயும் யாரையாவது பிடித்து வைத்துச் சண்டைக் கதைதான் அளந்துகொண்டிருப்பாய். கேட்க ஆள் கிடைத்ததா? இங்கே வல்லம் வடகால் கம்பெனி கேட்டில் உன் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. உனக்குப் பதிலாக வந்த செக்யூரிட்டியை அதில் உட்கார நான் விடவில்லை. பாவம், நின்றுகொண்டே லாரி நம்பர் எழுதுகிறார்.

நேற்று பிள்ளைப்பாக்கத்தில் உனக்குப் படத்திறப்பு. ராணுவ உடுப்பில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம்தான். "சண்டையில கூட இருந்த ஆளு நீங்கதான். அந்தக் கதய நாலு பேருக்குச் சொல்லுங்க சுடலண்ணே" என்று உன் பெண்டாட்டி அஞ்சலை மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள்.

உன் கதை கேட்டுக்கு வரும் டிரைவர்களுக்கெல்லாம் மனப்பாடம். பனிமலை முகாம். காற்றிலேயே எதிரியை மோப்பம் பிடித்தாய், ஒற்றை ஆளாய்ச் சுட்டுத் தடுத்தாய், காலில் குண்டு வாங்கினாய். பக்கத்து என் டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டே நானும் தலையாட்டுவேன்.

மோப்பமாவது, மண்ணாவது! சண்டைக்கு முந்தின நாள் நான் போட்ட டீயில் சர்க்கரை இல்லை என்று உனக்குக் கோபம். மறுநாள் எல்லோரும் டீக்கு வந்தபோது நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காவல் குழியிலேயே உட்கார்ந்துவிட்டாய். அதனால்தான் ஏறி வந்தவர்கள் உன் கண்ணில் பட்டார்கள்.

ஆனால் சரியாக அந்த நேரத்தில் ஏன் வந்தார்கள்? முகாமின் சமையற்காரனான நான் தினமும் நாலு மணிக்கு டீ தயார் என்று தகரத் தட்டைத் தட்டுவேன். மலை முழுக்கக் கேட்கும். தட்டுச் சத்தம் வந்தால் முகாமே காவலை விட்டுவிட்டுக் குவளையோடு ஓடும் என்பதை எதிரி பதுங்கியிருந்து கவனித்திருக்கிறான். அன்றைக்கு நான் தட்டி, எல்லோரும் குவளையை நீட்டியதுமே முதல் குண்டு வெடித்தது. என் தட்டுதான் அவர்களுக்குச் சைகை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

உனக்கு அது எட்டவில்லை என்று நினைத்திருந்தேன். நீ நொண்டி நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பேன். பயந்துபோய் டீயை நீட்டிவிடுவேன்.

நேற்று மைக்கில் அத்தனையும் சொல்லிவிட்டேன். "தங்கச்சி, அவன் கால்ல குண்டு பாஞ்சது என் தட்டாலதாம்மா" என்றேன்.

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தச் சொல்றதுக்கா இத்தினி வருசம்? கண்ணாலம் ஆன புதுசுலயே சொல்லிட்டாரு. 'நமக்குத் தெரியும்னு சுடலகிட்ட காட்டிக்காத. மனசு ஒடிஞ்சி டீ போடறத வுட்ருவான்'னாரு. ஆனா சர்க்கர விஷயத்த மட்டும் சொல்லவே இல்லியே! என்கிட்டயும் மோப்பம்னுதான் சொன்னாரு! வூட்லயும் இப்டித்தாண்ணே, கோச்சிக்கினு துண்ணாம குந்திக்குவாரு."

பந்தலே சிரித்தது. உன் மானத்தை வாங்கிவிட்டேன், மன்னித்துக்கொள்.

டேய், எல்லாம் தெரிந்துகொண்டா இத்தனை வருஷம் என் டீயைக் குடித்தாய்? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்தாயா?

டீ போடுவதை நான் விடமாட்டேன். ஆனால் நாலு மணிக்கு மற்றவர்கள் குடித்து முடிக்கும்வரை கேட்டில் உன் நாற்காலியில் நான் காவலுக்கு உட்கார்ந்திருப்பேன். உன் டம்ளரும் பக்கத்தில் இருக்கும். சர்க்கரை கூடுதலாகவே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ கோபித்துக்கொண்டதால் உயிரோடிருக்கும் உன் மச்சான்,
சுடலைமுத்து